கட்டம் போதாத கணக்கு – பகுதி 9: இருபத்தொன்பதாவது பிட்

சென்ற வாரம் பயாஸின் கதையைப் பார்த்தோம். சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8, செக்டருக்கு 6 என்று பயாஸ் ஒரு கணக்கு வைத்திருந்தது. டிஸ்க் வைத்திருந்த கணக்கு வேறு: 16, 4, 8. இரண்டும் சந்திக்கிற இடத்தில் எது சிறியதோ அதுதான் செல்லும். 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 52,84,82,304 பைட். 1990களின் முற்பாதியில் டிஸ்குகள் முட்டி நின்ற சுவர் அது.

ஹெட் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் தந்திரம் அந்தச் சுவரை 8.4 ஜிபிக்குத் தள்ளி வைத்தது. பிறகு ஃபீனிக்ஸ் நிறுவனம் வகுத்த விதி வந்தது. சிலிண்டர், ஹெட் என்ற பேச்சையே விட்டுவிடுவோம். செக்டர்களை 0, 1, 2 என்று வரிசையாக எண்ணுவோம். அந்த எண்ணை 64 பிட் அகலத்தில் எழுதிப் பயாஸிடம் நீட்டுவோம்.

64 பிட் என்றால் கடல். கதை இங்கே முடிந்தது என்று யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்த 64 பிட் எண் பயாஸின் வாசல் வரைதான் போகும். அங்கிருந்து டிஸ்குக்குப் போகும் கடைசி இரண்டடித் தூரத்தில் அது மறுபடி சுருங்க வேண்டியிருந்தது. 28 பிட்டாக.

* * *

எட்டு கதவுகள்

1984ல் ஐபிஎம்மின் பிசி ஏடி வந்தது. அதற்குள் இருந்த டிஸ்கை ஆட்டிவைத்தது வெஸ்டர்ன் டிஜிட்டலின் கன்ட்ரோலர் அட்டை. பிறகு அந்தக் கன்ட்ரோலர் அட்டையிலிருந்து இறங்கி டிஸ்கின் முதுகிலேயே ஏறிக்கொண்டது. நாம் ஐடிஇ என்று சொன்னது அதைத்தான். இடம் மாறினாலும் பேச்சு மாறவில்லை. பழைய கன்ட்ரோலருடன் எந்த மொழியில் பேசினார்களோ அதே மொழியில்தான் புதிய டிஸ்குடனும் பேசினார்கள்.

அந்த மொழி எளிமையானது. டிஸ்கில் எட்டு ரெஜிஸ்டர்கள் உண்டு. எட்டு கதவுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கதவு தகவல் போய்வருவதற்கு. ஒன்று, பிழை நேர்ந்தால் சொல்வதற்கு. ஒன்று, எத்தனை செக்டர் வேண்டும் என்பதற்கு. ஒன்று கட்டளைக்கு. மீதி நான்கு முகவரிக்கு.

இந்த நான்கில் மூன்று கதவுகள் முழு எட்டு பிட் அகலம். நான்காவதில் பாதி ஏற்கெனவே குடியேறியிருந்தது. கேபிளில் மாட்டிய இரண்டு டிஸ்குகளில் எதைக் கூப்பிடுகிறோம் என்பதற்கு ஒரு பிட். பழைய சிலிண்டர் கணக்கா, புதிய வரிசைக் கணக்கா என்பதற்கு ஒரு பிட். இன்னும் இரண்டு பிட்கள் 1984ன் கன்ட்ரோலரிடமிருந்து வந்த பரம்பரைச் சொத்து. எப்போதும் 1 என்றே எழுதியாக வேண்டும்.

ஆக முகவரிக்கு மிஞ்சியது எட்டும் எட்டும் எட்டும் நான்கும். 28.

28 பிட்டால் 26 கோடியே 84 லட்சத்து 35 ஆயிரத்து 456 செக்டர்களை எண்ணலாம். பைட்டில் சொன்னால் 13,743 கோடிக்குச் சற்று மேல். 137 ஜிபி.

இதை வகுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் மேசையில் இருந்த டிஸ்குகள் சில நூறு எம்பி. அவற்றைப்போல நூற்றுக்கணக்கான மடங்குக்கு இடம் விட்டிருந்தார்கள். வீடு கட்டுகிறவர் மாடிக்கு மேல் மாடி எழுப்பும் அளவுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டுப் போனதைப் போல. பேரன் காலத்தில் நாற்பது மாடி வரும் என்று யார் நினைப்பார்கள்?

* * *

அது எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது?

காரணம் கணினிக்குள் பிறக்கவில்லை. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது.

1988ல் பிரான்ஸில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும், ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியாக ஒரு விந்தையைக் கண்டார்கள். சில அணுக்கள் கனமே உள்ள உலோகப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மெல்லிய காந்தப்புலத்துக்கும் அவற்றின் மின்தடை எக்கச்சக்கமாக மாறியது. ராட்சத காந்தமின்தடை என்று அதற்குப் பெயர். 2007ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

டிஸ்கின் மேல் மிதந்துபோகும் ஹெட், கீழே உள்ள நுண்காந்தங்களின் திசையைப் படித்தாக வேண்டும். ஹெட்டின் உணர்திறன் கூடினால் காந்தப் புள்ளிகளைச் சிறிதாக்கலாம். சிறிதானால் அதே தட்டில் அதிகம் எழுதலாம். ஐபிஎம் இந்த ஹெட்டை 1997ன் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த டெஸ்க்ஸ்டார் டிஸ்கில் 16.8 ஜிபி. மூன்றே ஆண்டுகளில் 75 ஜிபி வந்துவிட்டது. அடர்த்தி ஏறத்தாழ ஆண்டுக்கு இருமடங்காகப் பெருகிய காலம் அது.

75ஐ இருமடங்காக்கிப் பாருங்கள். 150. சுவர் 137ல்.

2000, 2001 ஆண்டுகளில் டிஸ்க் நிறுவனங்களின் பொறியாளர்கள் போட்ட கணக்கும் இதுதான். தட்டு தயார், ஹெட் தயார், மோட்டார் தயார். முகவரி எழுதத்தான் இடமில்லை.

* * *

அந்த ஒரு செக்டர்

இனி கொஞ்சம் மெதுவாகப் போவோம். இந்தப் பகுதியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணினியில் 160 ஜிபி டிஸ்க் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 31 கோடிக்கு மேற்பட்ட செக்டர்கள். இயங்குதளத்துக்குள் டிஸ்குடன் பேசும் வேலையைச் செய்கிற டிரைவர் பழையது; 28 பிட் மட்டுமே தெரிந்தது. டிஸ்க் மெல்ல நிரம்பிவருகிறது. ஒருநாள் ஒரு பெரிய வீடியோ கோப்பை நகல் எடுக்கிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் செக்டர்கள் எழுதப்படுகின்றன. 26,84,35,454. 26,84,35,455.

அடுத்து 26,84,35,456.

இருமக் கணக்கில் இந்த எண் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரே ஒரு 1. அதன்பின் 28 பூஜ்யங்கள்.

டிரைவர் வழக்கம்போல வேலையைத் தொடங்குகிறது. கடைசி எட்டு பிட்டை எடுத்து முதல் கதவில் போடுகிறது: பூஜ்யம். அடுத்த எட்டு இரண்டாம் கதவில்: பூஜ்யம். அடுத்த எட்டு: பூஜ்யம். நான்காம் கதவில் பாதி: பூஜ்யம். முன்னால் நின்ற அந்த ஒற்றை 1 இருபத்தொன்பதாவது பிட். அதற்குக் கதவு இல்லை. அது கீழே விழுந்துவிட்டது.

பிறகு 'எழுது' என்ற கட்டளை போகிறது.

டிஸ்கின் பார்வையில் இது குறையேதும் இல்லாத கட்டளை. பூஜ்யமாவது செக்டரில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியது. 'முடிந்தது, பிழையில்லை' என்று பதிலும் சொன்னது.

நம் வீட்டுப் பழைய மின்மீட்டரில் 99999க்குப் பிறகு 00000 வருமே, அதே கதைதான். மீட்டர் சுழன்றுவிட்டால் கணக்கெடுப்பவர் அட்டையைப் பார்த்துச் சரிசெய்துவிடுவார். இங்கே பார்க்க ஆளில்லை.

பூஜ்யமாவது செக்டரில் என்ன இருந்தது? கணினி விழித்தெழும்போது முதன்முதலில் படிக்கும் 446 பைட் நிரல் இருந்தது. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் 64 பைட் அட்டவணை இருந்தது. முத்திரையாக 2 பைட். மொத்தம் 512. இப்போது அங்கே வீடியோவின் ஒரு துணுக்கு இருக்கிறது.

நகல் எடுப்பது தொடர்கிறது. அடுத்த செக்டர் 1ஆவது இடத்தில் விழுகிறது, அதற்கடுத்தது 2ஆவதில். அந்தக் காலத்தில் முதல் பிரிவு பெரும்பாலும் 63ஆவது செக்டரில் தொடங்கும். எனவே 32 கேபி எழுதி முடித்த கையோடு அந்தப் பிரிவின் தலைப்பகுதி அழியத் தொடங்குகிறது. ஃபேட் முறையில் அமைத்த டிஸ்க் என்றால் அதை அடுத்து வருவது கோப்பு அட்டவணை. எந்தக் கோப்பின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரே பதிவு. நகலும் அடுத்தடுத்தே இருக்கும், அதுவும் போகும்.

அன்று இரவு ஒன்றும் தெரியாது. அழிந்த தகவலின் பிரதி நினைவகத்தில் இருப்பதால் கணினி ஓடிக்கொண்டேயிருக்கும். வீடியோ நகலானது என்று திரை சொல்லும். அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

மறுநாள் காலையில் கணினி, டிஸ்கே காலி என்று சொல்லும்.

* * *

யார் அனுப்பினார்கள் அந்த எண்ணை?

இங்கே கவனமாகப் படிக்கும் வாசகர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 28 பிட் மட்டுமே தெரிந்த டிரைவர் டிஸ்கிடம் 'உன் அளவு என்ன?' என்று கேட்டால், அதற்கு 137 ஜிபி என்றுதானே பதில் வரும்? அதைத் தாண்டிய எண்ணை அது ஏன் அனுப்பப் போகிறது?

சரியான கேள்வி. தன்னந்தனியாக இருந்திருந்தால் அனுப்பியிருக்காது. 160 ஜிபி டிஸ்க் 137 ஜிபியாகத் தெரிந்திருக்கும். 22 ஜிபி வீண். பணம் போன வருத்தம் மட்டும் மிஞ்சியிருக்கும். தகவல் பிழைத்திருக்கும்.

ஆபத்து எப்போது வந்தது என்றால், ஒரே டிஸ்கைப் பற்றி இரண்டு பேர் இரண்டு கணக்கு வைத்திருந்தபோது.

விண்டோஸ் 98ல் டிஸ்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரல் பயாஸ் வழியே பேசும். மதர்போர்டு புதியது என்றால் பயாஸுக்கு 160 ஜிபியும் தெரியும். அந்த அளவுக்கே பிரிவு எழுதப்படும். விண்டோஸ் முழுதாக எழுந்த பிறகு பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும். அதன் சொந்த டிரைவர் பொறுப்பேற்கும். அந்த டிரைவர் கோப்பின் பெயர் இஎஸ்டிஐ_506.பிடிஆர். இஎஸ்டிஐ என்பது ஐடிஇக்கும் முந்திய, அதற்குள் வழக்கொழிந்துபோன ஒரு டிஸ்க் இணைப்பு முறை. பெயரிலேயே அத்தனை பழைமையைச் சுமந்த அந்த டிரைவருக்கு 28 பிட்டுக்கு மேல் தெரியாது.

பிரிவு அட்டவணை 160 என்கிறது. கோப்பு முறைமை அதை நம்புகிறது. அது கேட்கும் எண்ணை டிரைவர் அப்படியே வாங்கி, 28 பிட்டை மட்டும் அனுப்புகிறது.

இன்னொரு வழியும் இருந்தது. 28 பிட்டைத் தாண்டத் தெரிந்த பிந்தைய விண்டோஸில் பெரிய பிரிவு உருவாக்கிப் பல மாதம் நிம்மதியாகப் பயன்படுத்துவார்கள். ஏதோ கோளாறு என்று விண்டோஸை மறுபடி நிறுவுவார்கள். கையில் இருப்பது முதல் வெளியீட்டின் பழைய சிடி. பிரிவு பெரியது, டிரைவர் சின்னது.

டிஸ்கின் அளவு வளர்வதால் யாருடைய தகவலும் அழிவதில்லை. தன்னால் சொல்ல முடியாத ஒரு எண் வந்தபோது, 'இது என்னால் ஆகாது' என்று டிரைவர் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அதற்கு ஒரு ஒப்பீடு போதும். நிரலில் ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாத இடத்தில்தான் குடும்பப் படங்களும் அலுவலகக் கணக்குகளும் போயின. இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து என்னை விடாமல் உறுத்துவது இதுதான். சுவர் இருந்தால் முட்டிக்கொண்டு நிற்கலாம், வலிக்கும், அவ்வளவுதான். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திறந்த கிணறு இருந்தது.

* * *

ஒரே கதவை இரண்டு முறை தட்டுவது

ஐடிஇயின் விதிகளை வகுக்கும் குழுவுக்கு டி13 என்று பெயர். சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்தத் துடிக்கும் டிஸ்க் நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. அவர்கள் முன்னால் இருந்த சிக்கலை நாமும் போட்டுப் பார்ப்போம்.

புதிய ரெஜிஸ்டர்களைச் சேர்க்கலாமே? முடியாது. 40 கம்பி கேபிளில் எந்தக் கதவு என்று சொல்ல மூன்றே கம்பிகள். மூன்று கம்பியால் எட்டு கதவுகளைத்தான் குறிக்க முடியும், எட்டும் தீர்ந்துவிட்டன. கேபிளை மாற்றினால் உலகில் உள்ள ஒவ்வொரு மதர்போர்டையும் மாற்ற வேண்டும்.

நான்காம் கதவில் சும்மா 1 என்று நிற்கும் அந்த இரண்டு பிட்களை எடுத்துக்கொள்ளலாமே? எடுக்கலாம். 30 பிட் கிடைக்கும். எல்லை 550 ஜிபி ஆகும். ஹிட்டாச்சியின் 1 டெராபைட் டிஸ்க் 2007ல் வந்துவிட்டது என்பதை நினைத்தால், அந்த ஒட்டு எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று தெரியும்.

குழு ஏற்றுக்கொண்ட வழி வேறு. என் கண்ணில், தனிக் கணினியின் வரலாற்றிலேயே அழகான ஒட்டுவேலைகளில் ஒன்று.

கதவுகள் எட்டேதான். ஆனால் முகவரிக் கதவு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு அறைக்குப் பதில் இரண்டு அறைகள். ஒரு பைட் எழுதினால் முன்னறையில் உட்காரும். இன்னொரு பைட் எழுதினால் முதலாவது பின்னறைக்கு நகர்ந்துகொள்ளும். புதியது முன்னறைக்கு வரும். அதாவது டிரைவர் ஒரே கதவை இரண்டு முறை தட்ட வேண்டும். முதல் சுற்றில் முகவரியின் மேல் பாதியைக் கொடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் கீழ்ப் பாதியை.

மூன்று கதவு, எட்டு பிட், இரண்டு முறை. 48 பிட். நான்காம் கதவின் அந்தப் பாதியைத் தேடிப் போகவே வேண்டாம். செக்டர் எண்ணிக்கைக் கதவுக்கும் இரண்டு அறை கிடைத்ததால், ஒரே கட்டளையில் 256 செக்டர் என்றிருந்த எல்லை 65,536 ஆயிற்று.

இதில் நுட்பம் எங்கே என்றால், பழைய கட்டளைகள் முன்னறையை மட்டுமே பார்க்கும். ஒரே ஒரு முறை தட்டும் பழைய டிரைவருக்கு எந்த மாற்றமும் தெரியாது; டிஸ்க் பழைய டிஸ்க் போலவே நடந்துகொள்ளும். இரண்டு முறை தட்டத் தெரிந்த டிரைவர் புதிய கட்டளைகளைக் கொடுக்கும். அப்போதுதான் பின்னறை திறக்கும். அறைகள் இருப்பது டிஸ்குக்குள் என்பதால், நடுவில் உள்ள கேபிள் தான் எதைச் சுமக்கிறோம் என்றுகூட அறிய வேண்டியதில்லை.

48 பிட் முகவரியின் எல்லை 144 பெட்டாபைட். இந்த முறை அஸ்திவாரம் நிஜமாகவே ஆழம்.

2001ல் மேக்ஸ்டர் நிறுவனம் மைக்ரோசாஃப்ட், காம்பாக், வியா முதலானவர்களுடன் கைகோத்து இந்த முறையை அறிவித்தது. அதே ஆண்டில் அதன் 160 ஜிபி டிஸ்க் வந்தது. 2002ல் இந்த விதி டி13 குழுவின் ஏடிஏ-6 தரத்தில் முறைப்படி இடம்பெற்றது.

* * *

டிரைவர் எழுதியவர்களின் ஆண்டு

தரம் வெளியானால் வேலை முடிந்ததா? டிரைவர் எழுதுகிறவர்களுக்கு அப்போதுதான் தொடங்கியது.

டிஸ்கிடம் 'உன்னை அறிமுகப்படுத்து' என்று ஒரு கட்டளை கொடுத்தால் 512 பைட் அறிமுகக் கடிதம் தரும். அதில் பழைய அளவு ஓரிடத்தில், புதிய அளவு வேறோரிடத்தில். 48 பிட் தெரியுமா என்பதற்கு நடுவில் ஒரு பிட். டிரைவர் அந்தப் பிட்டை முதலில் பார்த்து, பிறகு சரியான அளவை எடுத்து, ஒவ்வொரு கட்டளைக்கும் பழைய வடிவமா புதிய வடிவமா என்று முடிவெடுக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பியை வெளியிட்டது 2001 அக்டோபரில். அதில் இந்த ஆதரவு இல்லை. 2002 செப்டம்பரில் வந்த சர்வீஸ் பேக் 1ல் சேர்ந்தது. விண்டோஸ் 2000க்கு சர்வீஸ் பேக் 3 வேண்டும்; அதோடு ரெஜிஸ்ட்ரியில் எனேபிள்பிக்எல்பிஏ என்ற மதிப்பைக் கையால் 1 என்று எழுதவும் வேண்டும். எழுத மறந்தவர்கள் எத்தனை பேரோ! விண்டோஸ் 98ன் டிரைவரோ கடைசிவரை 28 பிட்டிலேயே நின்றுவிட்டது.

சர்வீஸ் பேக் 1 போட்டவர்களுக்கும் ஒரு கண்ணி காத்திருந்தது. கணினியை ஹைபர்னேட் செய்யும்போது, நினைவகம் முழுவதையும் டிஸ்கில் எழுதிவிட்டு அது உறங்கும். இயங்குதளத்தின் பிற பகுதிகள் கண்மூடிய பின் நடக்கும் அந்த எழுத்து வழக்கமான பாதையில் போகாது, அதற்கென்று தனிப்பாதை. 137 ஜிபியைத் தாண்டிய டிஸ்குகளில் அந்தப் பாதை தடுமாறி டிஸ்கைக் கெடுக்கக்கூடும் என்று பிறகு தெரியவந்தது. அதற்கென்று தனித் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. தலைவாசலைச் சரிசெய்தவர்கள் கொல்லைப்புறத்தை மறந்திருந்தார்கள்.

லினக்ஸில் 48 பிட் ஆதரவைக் கொண்டுவந்த பணியில் முன்நின்றவர் அப்போது ஐடிஇ பகுதியைப் பராமரித்த ஆந்த்ரே ஹெட்ரிக். டி13 குழுவின் கூட்டங்களிலும் பங்கேற்றவர் என்பதால், தரம் உருவாகும்போதே அதன் உள்நோக்கம் அவருக்குத் தெரியும். 2002ல் வந்த 2.4.19 கர்னலில் அந்த ஆதரவு இருந்தது.

லினக்ஸ் எழுதியவர்கள் சந்தித்த சங்கடம் இன்னொரு வகை. கேபிள் ஒன்றும் அறிய வேண்டியதில்லை என்றேன் அல்லவா? கேபிளின் மறுமுனையில் மதர்போர்டில் இருந்த சில சிப்செட்கள் அப்படிச் சும்மா இருக்கவில்லை. அலி நிறுவனச் சிப்செட்டின் பழைய பதிப்புகளில் 48 பிட் முகவரியோடு டிஎம்ஏ சேராது. டிஎம்ஏ என்பது பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தகவலை நேரே நினைவகத்துக்கு அள்ளிக்கொண்டு வரும் வேகப்பாதை.

என்ன செய்வது? டிரைவர் அந்தப் பதிப்புகளை அடையாளம் கண்டுகொண்டது. 26,84,35,456க்குக் கீழே பழைய கட்டளையில் வேகப்பாதை; அதற்கு மேலே பிராசஸரே ஒவ்வொரு சொல்லாகச் சுமந்து வரும் பிஐஓ முறை. மெதுவாகத்தான் இருக்கும் என்று திரையில் ஒரு வரி எச்சரிக்கையும் வரும். எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடித்திருக்கிறது. ஒரே டிஸ்க், முன்பாதி வேகம், பின்பாதி ஆமை. ஆனால் ஒரு பைட்கூடத் தவறான இடத்தில் விழாது.

* * *

எட்டு ஆண்டு கழித்து ஒரு செக்டர்

இந்த எல்லைக்கோடு தொடர்பான கணக்கு அத்தோடு தீரவில்லை.

எல்லைக்குக் கீழே உள்ள செக்டர்களுக்கு லினக்ஸ் பழைய 28 பிட் கட்டளையையே பயன்படுத்திவந்தது. கதவை ஒருமுறை தட்டினால் போதுமே, எதற்கு இருமுறை? நியாயமான சிக்கனம். எல்லைக்குக் கீழே கடைசியாக நிற்பது 26,84,35,455ஆவது செக்டர். 28 பிட்டும் 1 ஆக இருக்கும் எண். 28 பிட்டில் சொல்லிவிடலாம்.

ஆனால் பல டிஸ்குகள் அந்த ஒரு செக்டரை 28 பிட் கட்டளையில் தர மறுத்தன.

ஏன் என்று யோசித்தால் புரியும். பழைய வடிவத்தில் டிஸ்க் அதிகபட்சமாகச் சொல்லக்கூடிய செக்டர் எண்ணிக்கை 26,84,35,455. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் கடைசி முகவரி அதைவிட ஒன்று குறைவு, 26,84,35,454. எண்ணிக்கைக்கும் முகவரிக்கும் இடையே உள்ள அந்த ஒன்றில் ஒரு செக்டர் சிக்கிக்கொண்டது. பழைய கணக்கில் அது இல்லாத செக்டர்.

இத்தனை ஆண்டுகள் இது ஏன் வெளிப்படவில்லை? பிரிவுகள் 63ஆவது செக்டரில் தொடங்கியதால், எட்டு எட்டு செக்டராகப் போகும் கோரிக்கைகள் எல்லைக்கோட்டில் சரியாக முடியாமல் அதைத் தாண்டியே விழும். தாண்டினால் 48 பிட் கட்டளை, பிரச்சினை இல்லை. 2010 வாக்கில் 4,096 பைட் செக்டர் கொண்ட புதிய டிஸ்குகளுக்காகப் பிரிவுகளை எட்டின் மடங்கில் தொடங்கச் சொன்னார்கள். அப்போது கோரிக்கைகள் அந்தக் கடைசிச் செக்டரில் அச்சாக முடியத் தொடங்கின. சிறந்த அறிவுரையைக் கேட்டு ஒழுங்காகப் பிரித்தவர்களுக்கே பிழை வந்தது.

அந்த ஆண்டில் மார்க் லார்ட் என்ற கர்னல் நிரலாளர் இதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். கோரிக்கையின் முடிவு எல்லையைத் தொட்டாலே 48 பிட்டுக்கு மாறிவிடு என்பதுதான் திருத்தம். கணக்கில் ஒன்றே ஒன்று குறைத்தார்.

* * *

முதல் செக்டருக்குத் திரும்புவோம்

2010ல் 3 டெராபைட் டிஸ்க் சந்தைக்கு வந்தது. 48 பிட் முகவரிக்கு அது ஒரு துளி. டிரைவர் தயார். கேபிள் தயார். டிஸ்க் தயார்.

பிரிவு உருவாக்கப் போனவர்களுக்கு 2.2 டெராபைட்டோடு வழி அடைத்தது.

இந்த முறை தடை ரெஜிஸ்டரில் இல்லை. சற்றுமுன் வீடியோத் துணுக்கு வந்து விழுந்த அதே பூஜ்யமாவது செக்டரில் இருந்தது. அங்கே உள்ள 64 பைட் பிரிவு அட்டவணை 1983ல் டாஸ் 2.0வுடன் வந்தது. அன்றைய பிசி எக்ஸ்டியின் டிஸ்க் 10 எம்பி. அட்டவணையில் நான்கு வரிசை; வரிசைக்கு 16 பைட். பிரிவு எங்கே தொடங்குகிறது என்பதற்கு 4 பைட், எவ்வளவு நீளம் என்பதற்கு 4 பைட். 32 பிட். 512 பைட் செக்டரில் 2,19,902 கோடி பைட்டுக்குமேல் எழுதக் கட்டம் இல்லை.

கம்பியில் போகும் எண்ணை மாற்றுவது எளிது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால் போதும். இது டிஸ்கிலேயே எழுதப்பட்ட எண். கோடிக்கணக்கான டிஸ்குகளில் ஏற்கெனவே பொறிக்கப்பட்டிருக்கிறது. பயாஸ் அதைப் படிக்கிறது, விண்டோஸ் படிக்கிறது, லினக்ஸ் படிக்கிறது. அட்டவணையின் வடிவத்தை மாற்றினால், புதிய வடிவம் தெரியாத பழைய நிரல் ஒன்று அந்த டிஸ்கைப் பார்த்து 'இது காலி' என்று நினைத்துப் புதிதாக எழுதிவிடக்கூடும். மாற்றாமல் செக்டரையே எட்டு மடங்கு பெரிதாக்கினால், அதே 32 பிட் 17 டெராபைட்டுக்கும் மேல் எட்டும். ஆனால் செக்டர் என்றாலே 512 பைட் என்று நம்பி எழுதிய முப்பது ஆண்டு நிரல்கள் என்னாகும்?

பழைய நிரலிடமிருந்து புதிய டிஸ்கைக் காப்பாற்ற, டிஸ்கின் வாசலிலேயே ஒரு காவலாளியை நிறுத்த முடியுமா?

(தொடரும்)